தலைக்காயம்: கைகால் வெட்டவே இல்லை, ஆனாலும் வலிப்பு என்கிறார்களே?

ஈசூன் மருமகன்:
வணக்கம். குளியலறையில் வழுக்கி விழுந்த என் மாமனாருக்கு மண்டைக்குள் இரத்தம் கட்டிவிட்டது. அறுவைச் சிகிச்சையில் அதை அகற்றிய பிறகும் அவர் கண் திறக்காததால், தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி இரவு பகலாக, மூளையின் மின்துடிப்பைப் பதியும் இஇஜி எடுத்தார்கள்; மூளையில் வலிப்பு ஓடுகிறது என்கிறார் மருத்துவர். கைகால் ஒரு முறைகூட வெட்டாதபோது அது எப்படி வலிப்பாகும்? ஏழு நாளுக்குத்தான் என்று தொடங்கிய வலிப்பு மருந்தை இப்போது நீட்டுவது ஏன்?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின்துடிப்பை விடுவதுதான் வலிப்பு. அத்துடிப்பு தசைகளை இயக்கும் பகுதியை எட்டினால்தான் கைகால் வெட்டும். எட்டாவிட்டால், அல்லது நோயாளி மயக்க மருந்தில் இருந்தால், வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உதட்டோரம் லேசாகத் துடிப்பதையோ கருவிழி ஒரே பக்கமாக ஒதுங்குவதையோ, மூச்சுக்குழாயும் கட்டுமாக இருக்கும் முகத்தில் கவனிப்பது எங்களுக்கே கடினம். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடர் இஇஜியில் வைக்கப்பட்ட 94 தலைக்காய நோயாளிகளில் 22 விழுக்காட்டினருக்கு வலிப்பு வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடலில் அசைவே இல்லை. அரைமணி நேர இஇஜியில் இது தப்பிவிடக்கூடும் என்பதால், கண் திறக்காதவருக்கு ஒரு நாளாவது கம்பிகளை விட்டுவைப்பதே முறை.

தோ பாயோ வாசகர்:
அக்கா சொன்னதோடு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து முதல் வார வலிப்பைக் குறைக்கிறது, பின்னாளில் வருவதைத் தடுப்பதில்லை என்று 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏழு நாள் கணக்கு அதிலிருந்து வந்தது. ஆனால் அது வலிப்பு வராதவருக்குக் கொடுக்கும் தடுப்பு. உங்கள் மாமனாருக்கு வலிப்பே வந்துவிட்டதால் இப்போது நடப்பது சிகிச்சை. அதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீட்டுவதாலேயே ஆயுள் முழுக்க மாத்திரை என்று பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: இஇஜியில் தெரிந்தது முழு வலிப்பா, அல்லது விட்டுவிட்டு ஒரே சீராக வரும் கூர்முனை அலைகளா? இரண்டாவது வகைக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்பதில் மருத்துவர்களிடையேயே கருத்து வேறுபாடு உண்டு.

ஈசூன் மருமகன்:
மிக்க நன்றி. காலையில் மருத்துவர் சுற்று வரும்போது கேட்கிறேன். மறுபடி இஇஜி எடுத்தால் மீதி முடியையும் மழிப்பார்களா? அத்தை அதற்குத்தான் கலங்குகிறார்.

ஓய்வுபெற்ற தாதி:
தேவையில்லை. முடியை வகிர்ந்து, பசை வைத்து ஒட்டுவார்கள். தையல் போட்ட இடத்தை விட்டுத் தள்ளித்தான் வைப்பார்கள்.