ஏப்ரல் சீசனுக்கு வீட்டில் காய்ச்சும் பாணி (சீனிப் பாகு): அடியில் கல்லாகுது, ஸ்ட்ரோபெரி நிறம் மாறுது. என்ன வழி?

கொழுந்துக்கூடை

வணக்கம் எல்லாருக்கும். நுவரெலியாவில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுசுக்கு ஏப்ரல் சீசனுக்கான குடிவகைப் பட்டியல் தயார் பண்ணணும். கடைக் கோர்டியல் வேண்டாம். இங்க கிடைக்கிறதுல பாணி காய்ச்சி வச்சு, அதே பாணியில சாராயம் சேர்த்த கொக்டெயிலும், சேர்க்காத சோடா சர்பத்தும் கொடுக்கிறதுதான் எண்ணம். இஞ்சி, ஸ்ட்ரோபெரி, பெஷன் புரூட், தேயிலை, இந்த நாலும் முடிவு.

மூணு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, சீனி இரண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு நிறுத்துப் போட்ட பாணி ராத்திரிக் குளிருக்கு அடியில கல்கண்டு மாதிரி உறைஞ்சிடுது. இணையத்துல சொன்னபடி வெப்பமானி வச்சு 104 பாகை வரைக்கும் காய்ச்சினா இன்னும் மோசம். ரெண்டு, ஸ்ட்ரோபெரியைக் காய்ச்சினதும் சிவப்பு போய் செங்கல் நிறம் வந்துடுது, மணமும் ஜாம் மணமாயிடுது. மூணு, இஞ்சிப் பாணி பசை மாதிரி கலங்கிக் கிடக்கு, ரெண்டு கிழமையில போத்தல் கழுத்துல பூஞ்சணம்.

பாணி பிரிஜ்ஜுல குறைஞ்சது மூணு கிழமை நிக்கணும். அளவோட சொன்னா பெரிய உதவி.

---

மிளகுக்கொடி

முதல் சிக்கலும் அந்த 104 பாகையும் ஒரே கதைதான். அந்தக் குறிப்புகள் எல்லாம் கடல் மட்டத்துல தண்ணி 100 பாகையில கொதிக்கும்ங்கிற கணக்குல எழுதினவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்க தண்ணி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96. கடல் மட்டத்துல 104 என்றால் கொதிநிலைக்கு மேல 4 பாகை. உங்க அடுப்புல 104 என்றால் மேல 10 பாகை, அதாவது கம்பிப் பதம். ஆறினா அது உறையத்தான் செய்யும். வெப்பமானியை நம்பிக் காய்ச்ச வேணும் என்றா, முதல்ல வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சு அது காட்டுற அளவைக் குறிச்சுக்கங்க. அதோட 4 கூட்டினா உங்க இடத்துக்குரிய அளவு.

ஆனா பாணிக்குக் கொதிக்கவே தேவையில்ல. தராசு போதும். 100 கிராம் தண்ணியில 20 பாகையில சுமார் 204 கிராம் சீனி கரைஞ்சு நிக்கும். 10 பாகையில 190 கிராம்தான். 0 பாகைக்கு இறங்கினா 180 அளவு. நீங்க 200 போடுறீங்க. கொழும்புல அது மேசையில தெளிவா நிக்கும், உங்க சமையலறையில ராத்திரி 10 பாகைக்கு இறங்கினா ஒரு கிலோ சீனிக்கு 50 கிராம் வெளியில வந்து அடியில உக்காரும். பிரிஜ்ஜுல இன்னும் கூட.

அதனால ஒரு கிலோ சீனிக்கு 600 கிராம் தண்ணி. தை மாசப் பனியிலயும் இது உறையாது. கூடவே கால் தேக்கரண்டி சிட்ரிக் அசிட் போட்டு பத்து நிமிஷம் மெல்லிய சூட்டுல வச்சா சீனியில ஒரு பகுதி குளுக்கோசும் பிரக்டோசுமா உடையும். அது உறையிறதை இன்னும் தடுக்கும். சட்டி ஓரத்துல ஒட்டின சீனி மணியை ஈரத் துணியால துடைச்சு விடுங்க, போத்தலுக்குள்ள ஒரு மணி விழுந்தாலும் அதைச் சுத்தி மற்றது உறையும். ஏற்கனவே உறைஞ்ச போத்தலைக் கொட்ட வேண்டாம். வெந்நீருல இறக்கி வச்சு, கணக்குப் பார்த்துத் தண்ணி சேர்த்துக் கலக்குங்க.

இன்னொண்ணு, கோப்பைக் கணக்குல ‘இரண்டுக்கு ஒன்று’ போடுறவங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. ஒரு கோப்பை சீனி 200 கிராம், ஒரு கோப்பை தண்ணி 240 கிராம் அளவு. நிறையில பார்த்தா அது இரண்டுக்கு ஒன்று இல்ல, 1.7க்கு ஒன்று. குறிப்பு கோப்பையா கிராமா என்று பார்க்காம எடுத்தா இப்படித்தான் குழம்பும்.

இஞ்சி. பசைக்குக் காரணம் இஞ்சியில இருக்கிற மாப்பொருள். 300 கிராம் நாட்டு இஞ்சி (சின்னதா, நார் அதிகமா இருக்கிறது, பெரிய மொத்த இஞ்சியில தண்ணிதான் கூட), தோலோட நல்லாக் கழுவி, 300 மி.லீ தண்ணி விட்டு பிளெண்டர்ல அடிச்சு, துணியில பிழியுங்க. உடனே அடுப்புல ஏத்தாதீங்க. கண்ணாடிச் சாடியில அரை மணி நேரம் ஆடாம வைங்க. அடியில வெள்ளையா, விரலால தொட்டா சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு உக்காரும். மேல நிக்கிற சாறை மட்டும் சாய்ச்சு எடுங்க, 400 மி.லீ அளவு வரும். அந்தப் படிவு சாறோட போனா 70 பாகை தாண்டினதும் வெந்து கஞ்சியாகும்.

சாறு 400க்குச் சீனி 640 கிராம். 80 பாகை வரைக்கும் சூடாக்கிக் கரைச்சு, அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அசிட், இறக்கினதும் ஒரு தேசிக்காய்த் தோல் சீவல். அதிகம் கொதிச்சா பச்சை இஞ்சியோட கூர்மை போய் சுக்குக் காரம் பக்கம் திரும்பும். மழைக்கால வெந்நீர்ப் பானத்துக்கு அது நல்லா இருக்கும், சோடாவுக்குப் பொருந்தாது.

பூஞ்சணம். போத்தலை வெளியில எடுத்து உள்ள வைக்கிறப்போ கழுத்துல நீர் வியர்க்கும். அந்தத் துளி பாணியோட மேல்பரப்பில மட்டும் சீனியை நீர்க்கப் பண்ணும். பூஞ்சணம் அங்கதான் பிடிக்கும். அதனால பெரிய போத்தல் வேண்டாம், 250 மி.லீ போத்தல்களா நிரப்புங்க. இஞ்சி, கறுவா, எலுமிச்சைப்புல் எதுக்கும் தானா புளிப்பு கிடையாது. அமிலம் சேர்க்கிறது ருசிக்கு மட்டும் இல்ல. மேலால வழிச்சு எடுத்துட்டு மிச்சத்தைப் பாவிக்கிற பழக்கம் வேண்டாம், பூஞ்சணம் கண்டா முழுப் போத்தலும் வெளியில.

---

ஊவாக்காற்று

மிளகுக்கொடி அண்ணன் சொன்னதோடு ஸ்ட்ரோபெரி, தேயிலை இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரோபெரியை அடுப்பில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சிவப்பு நிறமி வெப்பத்தில் சிதையும். புளிப்பு இருந்தால் நிலைக்கும். நன்றாகப் பழுத்த 500 கிராம் பழத்தைக் கழுவி, துணியில் ஒற்றி, காம்பு நீக்கி நாலாக வெட்டுங்கள். 400 கிராம் சீனியும் அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அசிட்டும் தூவிப் புரட்டி, மூடி, பிரிஜ்ஜில் ஓர் இரவு. சீனி பழச்சாற்றைத் தானே இழுத்துவிடும். காலையில் துண்டுகள் சுருங்கி, வெளிறி, சிவப்புச் சாற்றில் மிதக்கும். வடியில் கொட்டி ஒரு மணி நேரம் தானாக வடிய விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் சதை இறங்கிக் கலங்கும். அடியில் கரையாத சீனி இருந்தால் அந்தச் சாற்றையே விட்டுக் கலக்கிக் கரையுங்கள். மிஞ்சும் பழத்தைத் தயிரோடு கொடுக்கலாம், நல்ல காலை உணவு.

பாத்திரம் கண்ணாடி அல்லது சில்வர். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், நிறமும் ஊதா பக்கம் திரும்பும்.

காய்ச்சாததால் இது மூன்று கிழமை தாங்காது. பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் பிரிஜ்ஜில் வைத்து, மற்றதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய விடுங்கள். சீனி அதிகமானதால் கல்லாக இறுகாது, கரண்டியால் அள்ளலாம். மழை நாளில் பறித்த பழம் நீர்த்திருக்கும். அப்போது சீனியைக் கூட்டுவதைவிட, பத்து மிளகை இடித்து இரவு ஊறலில் போட்டால் சுவை எடுப்பாக நிற்கும்.

தேயிலைக்கும் வெந்நீர் வேண்டாம். சூடாக ஊறிய கடுந்தேநீர் ஆறும்போது கஃபீனும் சாயப்பொருளும் ஒன்று சேர்ந்து பால் விட்டது போல் கலங்கும். பாணியில் அது அசிங்கமாகத் தெரியும். 500 மி.லீ குளிர்ந்த நீரில் 15 கிராம் பீ.ஓ.பி. (உடைத்த இலை ரகத் தேயிலை) போட்டு பிரிஜ்ஜில் எட்டு மணி நேரம். டஸ்ட் (தூள் ரகம்) போட்டால் துணி அடைத்துக்கொள்ளும். வடித்த சாயத்தை நிறுத்து, அதன் 1.6 மடங்கு சீனி சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் கரையுங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலை கிடைத்தால் அதை எடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் அந்தக் கொழுந்துக்கு வருகிற மெந்தோல் போன்ற குளிர் மணம் சோடாவில் அப்படியே தெரியும். ஏப்ரலுக்கு என்றால் திம்புள்ளைப் பகுதியின் தை–பங்குனித் தேயிலை கையில் இருக்கும், அதுவும் அருமை. தேசிக்காய் விட்டதும் நிறம் வெளுக்கும். அது அமிலத்தின் வேலை, பாணி கெட்டதாக நினைக்க வேண்டாம்.

பெஷன் புரூட்டை விதையோடு பிளெண்டரில் ஓட விடாதீர்கள். விதை உடைந்தால் கசப்பும் கரும்புள்ளியும். சதையைக் கரண்டியால் அடித்து வடித்து, சாறு 200 கிராமுக்குச் சீனி 250 கிராம், வெப்பமின்றிக் கரைத்தால் போதும். அதன் சொந்தப் புளிப்பே போதும், சிட்ரிக் அசிட் வேண்டாம்.

---

கொழுந்துக்கூடை

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். கழுத்தில பூஞ்சணம் ஏன் என்று இப்பதான் விளங்குது. பொட்டாசியம் சோர்பேட் போடலாமா? கொக்டெயில் அளவுகளும் யாராவது சொல்லுங்க. கித்துள் பாணியையும் (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சினது) எங்கயாவது சேர்க்க ஆசை.

---

மிளகுக்கொடி

போடலாம். ஒரு கிலோ பாணிக்கு 1 கிராம், அதுக்கு மேல வேண்டாம். புளிப்பு இருந்தாத்தான் அது வேலை செய்யும். முதல்ல கொஞ்சம் வெந்நீருல கரைச்சுட்டு அப்புறம் சேருங்க. சோடியம் பென்சோவேட் வேண்டாம், விற்றமின் சி நிறைய உள்ள பழத்தோட அது சேர்ந்தா பென்சீன் உண்டாக இடம் இருக்கு. நெல்லிப் பாணி போடுறவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

மருந்தைவிட போத்தல் சுத்தம் முக்கியம். கடல் மட்டத்துல பத்து நிமிஷம் கொதிக்க விடுறதை உங்க உயரத்துல 16 நிமிஷம் விடணும், ஆயிரம் அடிக்கு ஒரு நிமிஷம் கூட. தண்ணி அங்க 94 பாகையைத் தாண்டாதே. இஞ்சிப் பாணியைச் சூடா இருக்கும்போதே, சூடான போத்தல்ல நிரப்பி, மூடி, ரெண்டு நிமிஷம் படுக்க வைங்க. கழுத்தும் மூடியும் அந்தச் சூட்டுல சுத்தமாகும். குளிர்ந்த போத்தல்ல ஊத்தினா அடி கழன்று விழும்.

---

சோடாமூடி

அளவுக்கு வருவோம். உங்க இஞ்சி, தேயிலைப் பாணி இப்ப 1.6க்கு ஒன்று. புத்தகக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று பாணிக்கு. அதனால 20 மி.லீ என்று இருந்தா நீங்க 15 விடுங்க. இதைக் கவனிக்காம விட்டா எல்லாமே தித்திப்பாப் போகும்.

தென்னஞ்சாராயம் 50, இஞ்சிப் பாணி 15, தேசிச்சாறு 20, ஐசோட குலுக்கி உயரக் கிளாசில வடிச்சு, மேல சோடா 90. கித்துள் சேர்க்க இதுதான் இடம்: இஞ்சிப் பாணியை 10 ஆக்கி, கித்துள் பாணி 10. கித்துளோட புகை மணமும் சாராயமும் நல்லா ஒத்துப்போகும். குளிருல கித்துள் இறுகி இருந்தா ஷேக்கர் அடியில ஒட்டும், அதனால முதல்ல தேசிச்சாறுல கரைச்சுக்கங்க.

தேயிலைப் பாணி 20, சாராயம் 45, தேசி 20, சோடா இல்லாம குலுக்கி சின்னக் கிளாசில. ஜின் கேட்கிறவங்களுக்கு பெஷன் புரூட் 25, ஜின் 45, தேசி 10, அதுக்கு மேல புளிப்பு வேண்டாம். ஸ்ட்ரோபெரியை வெள்ளை ரம்மோட வைங்க, சாராயம் அதை அமுக்கிடும்.

சாராயம் சேராததுக்குப் பாணி 30, தேசி 15, உப்பு ஒரு சிட்டிகை, சோடா 150. பெஷன் புரூட்டுக்கு மட்டும் தேசி 5 போதும். உப்பை விட்டுடாதீங்க, சாராயம் கொடுக்கிற கனத்தை ஓரளவு அதுதான் ஈடு செய்யும்.

சோடா: மேல காற்றழுத்தம் குறைவு, திறந்ததும் வாயு வேகமாப் போகும். சோடா, பாணி, கிளாஸ் மூணும் ஒரே குளிர்ல இருக்கணும். பாணியும் தேசியும் அடியில முதல்ல கலந்துட்டு, கிளாசைச் சாய்ச்சு ஓரமா சோடாவை விட்டு, கரண்டியை ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேல தூக்குங்க. சுத்திச் சுத்திக் கலக்கினா வாயு முழுக்கப் போயிடும்.

மதுவரித் திணைக்கள அனுமதிப்பத்திரம் இல்லாம சாராயக் குடிவகை விற்க ஏலாது, 21 வயசுக்குக் கீழ கொடுக்கவும் ஏலாது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்ல சாராய விற்பனை இல்ல. ஏப்ரல்லயும் ஒரு போயா வரும், அன்றைக்குச் சர்பத் பக்கம் மட்டும் தனி அட்டையா வச்சிருங்க.

---

வெலிமடைத்தோட்டம்

ஒரு எச்சரிக்கை, ஒரு யோசனை.

அலங்காரத்துக்குப் பூ வைக்கிறவர்கள் ரோட்டோரம் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவையும் ஹைட்ரேஞ்சியாவையும் தொடக்கூடாது, இரண்டும் நஞ்சு. ஹோர்ட்டன் சமவெளியில் எந்தப் பூவையும் பறிக்கவே கூடாது, அது தேசியப் பூங்கா. கடை ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள். மருந்தடிக்காத வீட்டுச் செம்பரத்தை அல்லது புதினா போதும்.

ஸ்ட்ரோபெரி விலை ஏறினால் மரத்தக்காளிக்கு மாறுங்கள். தோல்தான் கசப்பு. கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கழன்று வரும். 500 கிராம் பழத்தைக் கையால் மசித்து வடித்து, 400 கிராம் சீனி, ஒரு விரல் நீளக் கறுவாப்பட்டை, 80 பாகையில் பத்து நிமிஷம். சோடாமூடி சொன்ன இஞ்சிக் கணக்கில் இஞ்சிக்குப் பதில் இதை 25 விடலாம், தேசியை 10 ஆக்குங்கள். சதை அடியில் இறங்கும் பாணி இது, ஊற்றுமுன் போத்தலைக் குலுக்க வேண்டும்.