யூத் வேலையில இருந்து உளசமூக வேலைக்கு (பாதிக்கப்பட்ட சனத்துக்கு மன ஆறுதலும் துணையும் குடுக்கிற வேலை) மாறுறது எப்பிடி? (திருமலை)

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம். எனக்கு 26. அஞ்சு வருசமா இளைஞர் கழகங்களோட வேலை செய்யிறன், மட்ச் வைக்கிறது, சிரமதானம், தலைமைத்துவப் பயிற்சி எண்டு பேப்பர்ல வட்டம் வட்டமா கீறுறது. போன மாசம் சம்பூர்ப் பக்கம் பயிற்சி முடிச்சு கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கேக்க ஒரு பொடியன், 20 வயசிருக்கும், வந்து கேட்டான் "அண்ணா என்ர அப்பாவப் பற்றி இதில எங்கயாவது கதைக்கலாமா" எண்டு. அப்பா 2006ல காணாமப் போனவராம். நான் அடுத்த முறை பாப்பம் எண்டுட்டு பைக்க எடுத்திட்டன். அதுக்குப் பிறகு எனக்கு அந்த வட்டம் கீறுறதில மனமே இல்ல. உளவளத்துணை படிக்கவா, இல்ல காணாமப்போன ஆக்களின்ர குடும்பங்களோட போராட்டத்தில நிக்கவா? ரெண்டும் ஒண்டா செய்யேலாது, அரசியலாப் போயிடும் எண்டு ஒபீசில சொல்லினம்.

மூதூர் அக்கா:
தம்பி நான் இந்த உளசமூக வேலையில 14 வருசம். ஆறுதல் வேற நீதி வேற எண்டுதான் எங்களுக்கும் பழக்கினவை. முதல் வருசம் ஒரு அம்மாட்ட போய் "மனசில இருக்கிறதச் சொல்லுங்கோ" எண்டு கேட்டன், அவ ஒண்டும் சொல்லாம உள்ள போய் ஒரு சொப்பிங் பேக்கக் கொண்டுவந்து பாயில கொட்டினா. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவையில குடுத்த கடிதம், லெமினேற் பண்ணின மகன்ர படம், எல்லாம் மூண்டு மூண்டு கொப்பி. "இதோட எத்தினையாவது பிள்ளை நீ கேக்க வாறது" எண்டா. அண்டைக்கு நான் கதை கேக்கேல்ல, துண்டுகள திகதிப்படி அடுக்கிக் குடுத்தன், அதுக்குப் பிறகுதான் அவவா கதைச்சா. காணாமப்போன ஆக்களுக்கான அலுவலகத்துக்கு எழுதுறதுக்கு, பிரதேச செயலகத்துக்கு ஆரும் கூடப் போறதுக்கு, இதுக்குத்தான் ஆள் இல்ல. ஆனா தம்பி, ஆரும் சாகப்போறன் எண்டு கதைச்சா நீ தனிய வச்சுச் சமாளிக்காத, 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடு, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போ.

கடற்கரை வீதி:
அரசியலாப் போயிடுமாம் 😀 2006 தை 2, காந்தி சிலையடியில அஞ்சு மாணவர்களச் சுட்டுக் கொன்ற கேஸில குற்றஞ்சாட்டின 13 பேரும் 2019ல சாட்சியம் போதாதெண்டு விடுதலை. அந்த வீட்டுக்காரருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தா காணுமோ? படிக்கிறதெண்டா சீதுவையில தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கு, சமூகப்பணி டிப்ளோமாவும் பட்டமும் குடுக்குது, தமிழ் மொழிமூலம் எப்ப எடுக்கினம் எண்டு கேட்டுப் பாரும். சம்பளம் பெரிசா எதிர்பாக்காதயும், புரொஜெக்ட் முடிய ஆள மாத்துவினம். நான் அப்பிடித்தான் விட்டுட்டு இப்ப கடை வச்சிருக்கிறன், குறை சொல்லேல்ல.

கிண்ணியா மச்சான்:
ஒண்டு சொல்லவா. 2006 ஆகஸ்ட்ல ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை நடக்கக்குள்ள மூதூர்ல இருந்து முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடின, எங்கட மாமி வீட்டாரும் அதில. சம்பூர்த் தமிழ்ச் சனம் அந்த வருசமே இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்ல வருசக்கணக்கா கிடந்த. ரெண்டு பக்கத்துப் பொடியன்மாரும் ஒரே கிரவுண்ட்ல விளையாடுறானுகள், ஆனா அடுத்தவன் வீட்ட என்ன நடந்தெண்டு ஒருத்தனுக்கும் தெரியா. நீங்க மட்ச் வைக்கிறத விட்டுராதீங்க தம்பி, அதுதான் உங்கள்ட இருக்கிற சாமான். மட்ச் முடிஞ்சு டீ குடிக்கிற நேரத்தில கதைக்க விடுங்க.

உப்புவெளிப் பொடியன்:
அக்கா, அந்த சொப்பிங் பேக் கதைய ரெண்டு தரம் வாசிச்சன். அந்தப் பொடியன்ர நம்பர் எடுத்திட்டன், அவன்ர அம்மாட்டயும் ஒரு பைல் கட்டு இருக்காம், ஆனா சிங்களத்தில வந்த கடிதம் மூண்டு வாசிக்காமலே கிடக்காம். சனிக்கிழமை போறன். சிங்களம் நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஆராவது கூட வரேலுமோ? பெற்றோல் என்ர.