நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பெயர்களைச் சரியாகச் சொல்லுங்கள்

வீடு, வேலை, வரி எண் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நான் பெயர்கள் பற்றி மட்டும் சொல்கிறேன். தெற்கு ஆக்லாந்தில் மாங்ஙெரெ, ஓத்தாஹுஹு பக்கம் குடிவந்தால் பக்கத்து வீடு, வேலையிடம், பிள்ளையின் வகுப்பு எங்கே பார்த்தாலும் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பெயர்களும் பசிபிக் தீவுகளான சமோவா, டோங்காவின் பெயர்களும்தான். மற்றவர்கள் சொல்கிறபடியே அவற்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். சியோனெ என்ற டோங்காக்காரரை வருடக்கணக்கில் 'சயோன்' என்று கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவரும் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டிருப்பார், அதனால் அவருக்கு அது சம்மதம் என்று ஆகிவிடாது.

உண்மையில் நமக்கு இது கஷ்டமே இல்லை. மாவோரியில் உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில், இல்லையென்றால் குறில். டபிள்யூ, எச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஃப. என், ஜி சேர்ந்து வந்தால் நம் ங. பள்ளியில் ங, ஙா, ஙி என்று ஒப்பித்தோமே, அதேதான், ஆனால் பின்னால் ஒரு க சேர்க்கக் கூடாது, நாம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'தங்கம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், க வருவதற்கு முன் ஒரு நொடி நிற்கிறோமே, அந்த ஒலியிலேயே தொடங்கினால் ஙைரெ என்ற பெண் பெயர் சரியாக வந்துவிடும். அப்புறம் ப, க, த மூன்றையும் சொல்லின் நடுவிலும் வல்லினமாகவே சொல்ல வேண்டும், தெற்கு ஆக்லாந்தில் இருக்கும் ஊர் 'பாபடோடோ' இல்லை, பப்பத்தொஎத்தொஎ.

சமோவாப் பெயர்களில் தனி ஜி வந்தாலே ங. ஃபிஜியில் டி (d) என்று எழுதுவதை 'ந்த' என்றும் பி (b) என்று எழுதுவதை 'ம்ப' என்றும் படிக்க வேண்டும், கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களின் வழிவந்தவர்கள் முருகன் கோயில் கட்டியிருக்கும் ஊரும் நந்திதான், நாடி இல்லை.

இது வெறும் உச்சரிப்பு விஷயம் இல்லை. பல குடும்பங்களில் பிள்ளைக்குப் பாட்டன் பாட்டி பெயரைத்தான் வைக்கிறார்கள், சமோவாவில் சில பெயர்கள் குடும்பத்தின் தலைமைப் பட்டம். 1984-இல் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த நைடா கிளாவிஷ் என்ற மாவோரிப் பெண், அழைப்பவர்களிடம் 'கியா ஓரா' (மாவோரியில் வணக்கம்) சொல்லக் கூடாது என்று மேலதிகாரி சொன்னதற்கு மறுத்து நின்றார், நாடே அதைப் பேசியது. தங்கள் மொழியை வெளியில் பேசுவதற்கே இப்படிப் போராடியவர்களின் பெயரை 'எனக்கு வராதுங்க' என்று சிரித்துக்கொண்டே சுருக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முதல் சந்திப்பிலேயே 'உங்கள் பெயரை எப்படிச் சொல்லணும்?' என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்டதைத் தமிழில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்தைவிட அது நன்றாக நினைவில் நிற்கும். தப்பாகச் சொல்லிவிட்டால் ஒரு சாரி, உடனே சரியான பெயர், அவ்வளவு போதும், நீட்டி மன்னிப்புக் கேட்டால் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். நீங்களாகச் செல்லப்பெயர் வைக்காதீர்கள். கேட்க ஆள் இல்லாதபோது தெ அக்க (Te Aka) என்ற மாவோரி அகராதியை இணையத்தில் பாருங்கள், சொற்களுக்கு ஒலிப்பதிவும் இருக்கிறது.