பிள்ளைகள் எடுத்த படங்களுக்கு எப்படிக் கருத்துச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் போனில் எடுத்த படங்களைப் பார்த்து, ஃபிரேம் அமைப்பு பற்றிக் கருத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

ஒரு படம் மனதைவிட்டுப் போகவில்லை. முட்டத்துப் பாறைமேல் ஒருவர் வலையை உதறுகிறார். வெளிச்சமும் அந்த நொடியும் அருமை. ஆனால் தொடுவானம் சரிந்திருக்கிறது, அந்தக் கோடு அவர் கழுத்தை வெட்டிக்கொண்டும் போகிறது. சரிவை எடிட்டிங்கில் நிமிர்த்திவிடலாம். கழுத்துக் கோட்டுக்கு எடுக்கும்போதே போனைத் தாழ்த்தியிருக்க வேண்டும். அப்போது தலை வானத்தில் தனியாகத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் இதில் எதை முதலில் சொல்வது?

இன்னொன்றில் திருவள்ளுவர் சிலையின் பீடம் பாதியில் வெட்டுப்பட்டு, மேலே வெறும் வானம். 133 அடியில் 38 அடி பீடம்தான், அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் கணக்கு. அந்தக் காரணத்தைச் சொன்னால் பையனுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், மாத்தூர் தொட்டிப் பாலத்தின் நடுவில் நின்று எடுத்த படம். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி, அதாவது முக்கியமானதை நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கும்படி, மாற்றச் சொல்கிறார் நண்பர். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பக்கச் சுவரும் ஒரே புள்ளிக்கு ஓடும் படத்துக்கு நடுவே சரி.

நீங்கள் அவர்கள் முன்னாலேயே படத்தை கிராப் செய்து காட்டுவீர்களா, வாயால் மட்டும் சொல்வீர்களா? வெறும் ‘சூப்பர்’ போதாது, பிள்ளை அடுத்த முறை போனைத் தூக்கவும் வேண்டும். நீங்கள் சொல்லிப் பலன் கண்ட வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள்.