புதுப்பிப்பு: சம்மிங் பாக்ஸில் வந்த ஹம் நின்றது

ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளின் 8 அவுட்டையும் பாஸிவ் சம்மிங் பாக்ஸில் (பல அவுட்டுகளை ஒன்றாகக் கலக்கும், மின்சாரம் தேவைப்படாத பெட்டி) கலந்து, குறைந்துவிடும் ஒலியளவை ப்ரீஆம்பில் தூக்கினால் ஹம் (உர்ரென்ற இரைச்சல்) வருகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

லேப்டாப் சார்ஜரை உருவிப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. உருவியதும் சத்தம் அடங்கியது; கிரவுண்ட் லூப்தான் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தாகி, அந்தச் சுற்றில் மின்சாரம் ஓடுவதால் வரும் இரைச்சல்). எங்கள் காரைக்குடி வீட்டில் பட்டாலைக்கும் (கூடம்) வளவுக்கும் (உள்முற்றப் பகுதி) தனித்தனி கரண்ட் லைன். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன், சார்ஜர் போட்டாலும் இப்போது சுத்தம். ஹம்முக்காக எர்த் பின்னை மட்டும் யாரும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

எதிர்பாராத ஒன்று: பாக்ஸ் வழியாகப் போய்த் திரும்பப் பதிவான மிக்ஸ் சில மில்லிசெகண்ட் பின்தங்கியது. மூல ட்ராக்கோடு சேர்த்துக் கேட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) மெலிந்தே போனது. ரீப்பரின் ரீயாஇன்ஸர்ட் ப்ளக்-இன்னில் பிங் (சோதனைச் சத்தம்) அனுப்பித் தாமதத்தை அளந்து, மிக்ஸை அந்த அளவு முன்னால் நகர்த்தினேன். தொப்பி பழையபடி கனமாகக் கேட்கிறது.