கூலண்டை வீட்டிலேயே மாற்றலாமா? மலைச்சாலையில் கார் ஓட்டுபவர்களின் கருத்து தேவை

குன்னூர்வாசி:
கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) துரு நிறத்துக்கு மாறியிருந்ததால், சென்ற ஞாயிற்றுக்கிழமை அதை நானே வீட்டு வாசலில் மாற்றினேன். எஞ்சின் முழுவதும் ஆறியிருந்த காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, பழையதை வாளியில் வடித்தேன். இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசிய பிறகு, கடையில் கலந்தே விற்கும் கூலண்டை நிரப்பினேன். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பியபோது 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. இதற்கு ஒர்க்‌ஷாப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கோத்தகிரி மெக்கானிக்:
இதை நான் ஏற்கவில்லை, ஐயா. 4 லிட்டர் பிடிக்கும் காரில் கீழ்த் திருகைத் திறந்தால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வடியும். மீதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் தங்கிவிடும். நீங்கள் அலசியிருப்பதால், தங்கிய ஒன்றரை லிட்டரும் பெரும்பாலும் வெறும் தண்ணீர். அதன்மேல் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை இரண்டரை லிட்டர் ஊற்றினால், மொத்தத்தில் கிளைக்கால் (கூலண்டின் மூலப்பொருள்) 31 சதவீதம்தான் இருக்கும். ஊட்டியின் உறைபனிக்கு அது தாங்கும். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்தும் அதே அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும், நீங்கள் கூலண்டை மாற்றியதே துருவுக்காகத்தான்.

முள் நடுவில் நின்றதையும் சான்றாகக் கொள்ள முடியாது. உள்ளே காற்று அடைத்து, வெப்ப உணரி அந்தக் காற்றுக்குள் இருந்துவிட்டால், எஞ்சின் கொதித்தாலும் முள் சரியாகக் காட்டாது. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போன பிறகே தெரியவரும்.

கேத்தி வாசகர்:
எங்கள் ஊற்று நீர் மென்னீர். பாத்திரத்தில் உப்புப் படிவதே இல்லை. காய்ச்சி வடித்த நீரை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

கோத்தகிரி மெக்கானிக்:
மென்னீர் என்றால் சுண்ணாம்புப் படிவு குறையும், அவ்வளவுதான். அதிலும் கரைந்த குளோரைடு உண்டு. அலுமினிய ரேடியேட்டரை அது அரிக்கும்.

குன்னூர்வாசி:
அண்ணா, உங்கள் கணக்கு சரி; அதை நான் யோசிக்கவில்லை. இந்த வாரமே மறுபடி வடித்து அலசி, முதலில் கலக்காத கூலண்ட் 2 லிட்டரையும், பிறகு இடம் நிறையும்வரை காய்ச்சி வடித்த நீரையும் ஊற்றப் போகிறேன். ஆனால் காற்றை நான் கவனிக்காமல் விடவில்லை. முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி காரை ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டேன். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடேறும்வரை குமிழிகள் வந்தன. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்த பிறகே மூடியை இட்டேன். மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் குறைந்திருந்ததையும் நிரப்பினேன்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கூலண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு குழாய்த் தண்ணீரைத்தான் நிரப்பியிருந்தார்கள். இந்தத் துரு அதனால் வந்தது. என் கண் முன்னால் என் கையால் ஊற்றுவதில்தான் எனக்கு நம்பிக்கை.

கோத்தகிரி மெக்கானிக்:
அப்படிச் செய்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்ப்பதே சரி. ஆயினும் மூடியைச் சோதிக்க உங்களிடம் கருவி இருக்கிறதா? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதோ பல கார்களில் 82 முதல் 88 டிகிரியில். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து, கொதிநிலையை உயர்த்தும் அழுத்தம் உள்ளே நிற்காமல் போனால், சமவெளியில் தப்பிக்கும் கார் இங்கே ஏற்றத்தில் கொதித்துவிடும். கூலண்டை நீங்களே மாற்றினாலும், மூடியை மட்டுமாவது ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். வாளியில் வடித்ததை என்ன செய்தீர்கள்? அது இனிக்கும், நாயோ மாடோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

குன்னூர்வாசி:
மூடியைத் திறந்தபோது அதன் ரப்பர் வெடித்திருந்ததைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. புதிது வாங்கிவிடுகிறேன். வடித்ததைக் கேனில் அடைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். அலசிய தண்ணீர் மட்டும் வாசல் ஓடையில் போய்விட்டது. அடுத்த முறை அதையும் பிடித்து வைக்கிறேன்.