பார்க் லைட் போட்டாலே பியூஸ் போகிறது, எங்கே தேடுவது?

கேள்வி (நிலாவெளி):
பழைய யப்பான் செடான் கார். பார்க் லைட்டைப் போட்டவுடன் அதற்குரிய 10 அம்பியர் பியூஸ் போய்விடுகிறது, டாஷ்போர்ட் வெளிச்சமும் நின்றுவிடும். ஹெட் லைட், பிறேக் லைட், சிக்னல் எல்லாம் சரி. பின் பல்ப்புகளை மாற்றியும் பலனில்லை. சில நாள் ஒன்றும் ஆகாது. திருகோணமலைச் சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வரும் நாட்களில்தான் அதிகம்.

பதில் (உப்புவெளி):
20 அம்பியர் போடுங்கோ தம்பி. நான் அப்படித்தான் ஓடுறன்.

பதில் (கிண்ணியா, வயரிங் வேலை செய்பவர்):
தயவுசெய்து வேண்டாம். அந்த 20 அம்பியர் மஞ்சள் பியூஸ் தப்பும், வயர் உருகும்.

பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் 12 வோல்ட் 21 வாட் பிறேக் லைட் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். ஷோட் (வயரின் செம்பு கார்த் தகரத்தில் படுவது) இருந்தாலும் 1.75 அம்பியர் அளவில் நின்றுவிடும், எதுவும் எரியாது. ஆனால் முன், பின் பார்க் பல்ப்புகளையும் நம்பர் பிளேட் பல்ப்பையும் முதலில் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வயரிலும் இந்த பல்ப் எரிந்து குழப்பும். டாஷ்போர்ட் பல்ப்புகளால் மெல்லிய வெளிச்சம் வரலாம், அதைக் கணக்கெடுக்காதீர்கள். முழு வெளிச்சம் என்றால் ஷோட். அப்புறம் வயரை அசைத்துக்கொண்டே போங்கள், எங்கே மங்குகிறதோ அங்கேதான்.

சாமான் ஏற்றும் நாள் என்கிறீர்களே, டிக்கி மூடியின் பிணைச்சலில் தொடங்குங்கள். நம்பர் பிளேட் வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

கேள்வி (நிலாவெளி):
மல்டிமீற்றர் போதாதா நானா?

பதில் (கிண்ணியா):
போதும், ஆனால் சூடேறாத பல்ப் இழையே சில ஓம்தான் காட்டும். கழற்ற மறந்தால் பீப் அடித்து ஏமாற்றும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு பல்ப்தான் சுகம், தூரத்திலிருந்தே தெரியும்.

பதில் (நிலாவெளி):
பிடித்துவிட்டேன். மூடியைத் தூக்கும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தது. பிணைச்சலுக்குப் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒரு வயரின் தோல் வெடித்து, செம்பு தகரத்தில் உரசுகிறது. சொல்டர் வைத்து டேப் சுற்றவா?

பதில் (கிண்ணியா):
மடிகிற இடத்தில் சொல்டர் வேண்டாம், அதன் விளிம்பில் மறுபடி முறியும். அந்தத் துண்டையே வெட்டி, நன்றாக வளையும் பல இழை வயரைப் போட்டு, இணைப்புகளை ரப்பருக்கு வெளியே கொண்டுபோங்கள். பக்கத்து வயர்களையும் வளைத்துப் பாருங்கள், ஒன்று வெடித்திருந்தால் மற்றதும் அதே வயதுதான். பியூஸ் 10 அம்பியரே போடுங்கள்.